பச்சைக்கு அடியில்

ஜனவரி 11, ஞாயிறு

கிணுக்குட்டி,

அம்மா எழுதுகிறேன். கடிதம் என்றால் நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். நான் படித்த ஐந்து வகுப்பில் எனக்குத் தங்கியது அது ஒன்றுதான். அதையும் கேட்க முடியாமல் பண்ணிவிட்டாய். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இந்தத் தாளை மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் உன்னைக் கூப்பிட்டே தொடங்கிவிட்டேன். மூன்று சக்கர சைக்கிளில் கிணுகிணுவென்று விடாமல் பெல் அடித்துத் தெருவையே எழுப்பிய நாளில் அப்பா வைத்த பேர். முப்பது வயதிலும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாய்.

நாம் ஒரே வீட்டில் இருந்தும் சீட்டில் பேசிக்கொண்டவர்கள்தானே. நான் விடியும் முன்பே சலவைக்கூடத்துக்குப் போய்விடுவேன். நீ எழுந்திருப்பது ஊரே எழுந்த பிறகு. ஃபிளாஸ்க் மூடிக்கு அடியில் நான் ஒரு சீட்டு வைப்பேன்: டீ ஆறிப்போகும், குடித்துவிட்டு வேலையைப் பார். நீ பதிலுக்கு ஒன்று வைப்பாய்: அம்மா, என் உப்புத்தாளை எடுத்துப் பாத்திரம் தேய்க்காதே. இப்போதும் மூடியைத் தூக்கிப் பார்க்கிறேன். அடியில் ஈரவட்டம்தான் இருக்கிறது.

சரி, சேதிக்கு வருகிறேன். நேற்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து உன் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீ கடைசியாக ஏறிப்போன பச்சை சைக்கிள். மேட்டுச் சாலையில் இறங்கும்போது நீ விழுந்த அன்று அவர்கள் எடுத்துக்கொண்டு போனது, மழைக்காலம் முழுக்க அங்கே வராந்தாவில் கிடந்திருக்கிறது. வெல்டர் அண்ணன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, மாடிப்படியில் தூக்கிவர என்னைக் கைகொடுக்க விடவில்லை. நான் சலவைக்கூடத்திலிருந்து ஒரு பழைய போர்வை கேட்டு வாங்கி வந்து போர்த்தினேன். போர்த்திய பிறகுதான் ஏன் போர்த்தினோம் என்று இருந்தது.

அப்பா கதவு வரைக்கும் வந்து பார்த்தார். "நான் வாங்கிக் கொடுத்த இரும்புதானே" என்றார். அவ்வளவுதான். போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நீ போனதிலிருந்து அவர் மெஷினைத் தொடவில்லை. வெட்டி வைத்த துணி வெட்டினபடியே கிடக்கிறது. எதிர்வீட்டுக்காரி வந்து, "தையல்காரரே, நீங்க தைக்கிறதுக்குள்ள என் பொண்ணு ரெண்டு சுத்து பெருத்துடுவா" என்றாள். முன்பெல்லாம் அவர் விடுவாரா? "பெருக்கட்டும், மடிச்சு விட்டிருக்கேன்" என்று சொல்லியிருப்பார். இப்போது துணியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

சைக்கிள் உடைந்து நீ விழுந்தாயா, நீ விழுந்ததில் சைக்கிள் உடைந்ததா? யாரும் பார்க்கவில்லை. ஹேண்டில்பார் நிற்கும் கழுத்து மூட்டிலிருந்து பெடல் பக்கம் சரிந்து இறங்கும் குழாய் இரண்டாக உடைந்திருக்கிறது. அப்பா முதலாவதைத்தான் எடுத்துக்கொண்டார். அதை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் தன்னைத் தின்கிறார். நீ ஒருநாள் எனக்குக் காட்டினாயே: "உடைஞ்ச வாயைப் பார்த்தா எப்ப உடைஞ்சதுன்னு தெரிஞ்சிடும்மா. புது உடைப்பு சீனி மாதிரி பொறுபொறுன்னு இருக்கும். துரு ஏறினாலும் சிவப்பாத்தான் ஏறும். பழைய விரிசல்னா வழவழன்னு கறுத்துக் கிடக்கும்."

நான் பார்க்கப் போகிறேன். பார்த்துவிட்டு அவரிடம் சொல்லப் போகிறேன். உனக்குப் பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி, உன் அறைக்குள் நுழையப் போகிறேன்.

உன்,
அம்மா


ஜனவரி 24, சனி

கிணுக்குட்டிக்கு அம்மாவின் முத்தம்.

உன் அறைக்குப் போனேன். இன்னும் போர்வையை எடுக்கவில்லை. முதலில் பெருக்கினேன். நீ இருந்தால் "எதையும் இடம் மாத்தாதே" என்று கத்துவாய் என்பதால், ஒவ்வொரு நட்டையும் எடுத்து, பெருக்கி, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

நீ புதுப்பிக்க வாங்கிக் கொக்கியில் மாட்டியிருக்கும் பழைய சைக்கிள் ஃபிரேம்களின் நிழல் மதியத்தில் சுவரில் விழுகிறது. கை இருக்கிறது, இடுப்பு இருக்கிறது, தலை இல்லாத ஆட்கள் வரிசையாக நிற்பதுபோல. காற்றே இல்லாதபோதும் ஒன்று கொஞ்சம் அசையும். உன் முக்காலியில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. தரையில் உட்கார்ந்தேன்.

இதைச் சொன்னால் சிரிப்பாய். அந்தச் சக்கரம் தானாக ஓடுகிறது. நான் அடுப்படியில் இருக்கும்போது, போர்வைக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று சைக்கிளை உருட்டினால் வருமே, அந்தச் சத்தம். போய்ப் பார்த்தால் நின்றுவிடும். எனக்குத்தான் காது கெட்டுவிட்டது என்று இருந்தேன். நேற்று அப்பா சாப்பிடும்போது கையை அப்படியே நிறுத்தினார்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"எலியா இருக்கும்."

"எலி சைக்கிள் ஓட்டுதா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப்போய், பாதியில் நிறுத்திவிட்டார்.

நீ வாய் ஓயாமல் சொன்னதெல்லாம் எனக்குள் இவ்வளவு தங்கியிருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஃபிரேமை நான் பிடித்துக்கொள்வேன், நீ தேய்ப்பாய், கையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும். கம்பெனிப் பேர் போட்ட பட்டை போய்விட்டால் அது இருந்த ஆணித் துளையைப் பார்க்க வேண்டும், மேலும் கீழுமா, பக்கத்தில் பக்கத்திலா என்று. நம்பர் எங்கே குத்தியிருக்கிறது, சீட்டுக்கு அடியிலா, பெடல் அச்சு ஓடும் குழலுக்கு அடியிலா. குழாய்களைச் சேர்க்கும் மூட்டு எந்த வடிவத்தில் வெட்டியிருக்கிறது. இதையெல்லாம் பார்த்து யார் செய்தது, எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவாய். வருகிறவர்கள் ஜாதகம் கேட்க வந்தவர்கள்போல வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஊசியும் மேசைமேல்தான் இருக்கிறது. அப்பாவின் மெஷினில் முறிந்த ஊசியை மரக்கைப்பிடியில் செருகி வைத்திருந்தாயே, அது. ஃபிரேமின் பழைய பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பாக்கிய பிறகு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் போவாய். விரிசல் தட்டுப்பட்டால் அந்த ஊசியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் கீறுவாய். வெல்டர் மாமா பட்டறையில் பித்தளையை உருக்கி விட்டு அடைத்த பிறகு, வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி குத்துவாய். "வட்டம்னா காய்ச்சல். புள்ளின்னா மாத்திரை போட்டாச்சு." புள்ளி இல்லாத வட்டத்துக்குமேல் பெயின்ட் அடிக்கவே மாட்டாய். அவசரப்படுத்தியவர்களை எல்லாம் எப்படித் திட்டியிருக்கிறாய்!

அப்பா பின்னால் நின்று நான் எழுதுவதைப் பார்க்கிறார். தானும் நாலு வரி எழுதுவாராம். கொடுக்கிறேன்.

மகளே, அப்பா எழுதுகிறேன். உன் அம்மா என்ன எழுதினாள் என்று படிக்கவில்லை, மறைத்துக்கொள்கிறாள். பச்சை சைக்கிளைப் பற்றித்தான் இருக்கும். மெஷினுக்கு ஒரு சக்கரம் தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போனபோது குவியலுக்கு அடியில் அந்த சைக்கிளின் கழுத்து மூட்டு கண்ணில் பட்டது. இலை நரம்புபோல வெட்டியிருந்தது. நீ படத்தில் காட்டிக் காட்டி ஏங்கியது அதுதானே? அப்போது கறுப்பாக இருந்தது. கொண்டுவந்து உன்முன் வைத்ததும் அந்த அழுக்கு இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். அப்பா வாங்கிக் கொடுத்த எதையும் நீ குறை சொன்னதே இல்லை. உன் ஏழு வயதில் தைத்த நீலக் கவுன் நினைவிருக்கிறதா? அதை வருஷம் முழுக்க விடாமல் போட்டாய். பச்சை அடித்து முடித்ததும் நான்தான் தினமும் கேட்டேன், எப்போ ஓட்டிக் காட்டப் போகிறாய் என்று. கேட்டிருக்க வேண்டாம். இதற்குமேல் எழுத வரவில்லை. - அப்பா

எழுதிவிட்டுப் போய்விட்டார். கிணுக்குட்டி, அந்த நீலக் கவுனின் கழுத்து இறுக்கமாக வெட்டுப்பட்டுவிட்டது. வருஷம் முழுக்க உன் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருக்கும். எண்ணெய் தடவிவிடும்போது, "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்பாய். நானும் சொல்லவில்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது.

உன் அம்மா


பிப்ரவரி 1, ஞாயிறு

கிணுக்குட்டி,

போர்வையை எடுத்துவிட்டேன்.

அப்பாவை மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல் வெயிலில் இழுத்துப் போட்டேன். பெல் ஒருமுறை அடித்தது. நான்தான் இடித்துவிட்டேன், வேறொன்றுமில்லை. ஆனாலும் "இதோ வந்துட்டேன்" என்று வாயில் வந்துவிட்டது.

கவிழ்த்துப் போட்டபோது பெடல் குழலுக்கு அடியில் உன் பெருவிரல் இருந்தது. பெயின்ட் காய்ந்ததா என்று அவசரப்பட்டு அழுத்திப் பார்த்திருக்கிறாய். பச்சையில் ரேகை ரேகையாகப் பதிந்து கிடக்கிறது. என் விரலை அதன்மேல் வைத்தேன். பொருந்தவில்லை. உன் விரல் சின்னது. எவ்வளவு நேரம் வைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டபோதுதான் எடுத்தேன்.

அவர் சாப்பிட்டுப் படுத்த பிறகு உன் பூதக்கண்ணாடியை எடுத்து உடைந்த வாயைப் பார்த்தேன். குழாய் முட்டை ஓட்டைவிடக் கொஞ்சம்தான் தடிமன். இதை நம்பியா ஊரெல்லாம் சுற்றினாய்? மேலே, பக்கத்தில், எல்லாம் சிவந்த துரு, நீ சொன்ன சீனி. மனசு லேசாகிவிட்டது. "என்னங்க" என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன். அப்புறம் கீழ்ப்பக்கம் திருப்பினேன்.

கீழே ஒரு நகத்து அகலத்துக்கு வழவழவென்று கறுத்திருக்கிறது. உடைப்பின் உள்ளே பெயின்ட் ஒட்டியிருக்கிறது. பச்சை இல்லை. கறுப்பு. நீ அடித்தது பச்சை. அப்பா கொண்டுவந்தபோது இருந்தது கறுப்பு.

மூன்று தரம் துடைத்துப் பார்த்தேன். அழுக்கு இல்லை. பழைய ஆள் எவனோ கறுப்பு அடித்த காலத்திலேயே அங்கே விரிசல் இருந்திருக்கிறது, அவன் பெயின்ட் அதற்குள் இறங்கியிருக்கிறது. இரும்புக் கடைக் குவியலில் அப்பா கை வைத்தபோதே அது விரிசலோடு இருந்திருக்கிறது.

மாலையில் அப்பா கேட்டார். "பார்த்தியா?"

"இன்னும் இல்ல. வெளிச்சம் பத்தல."

"அவ்வளவு வெயில் அடிச்சுதே."

"என் கண்ணுக்குப் பத்தலங்க."

இனிமேல் இந்தக் கடிதங்களை வீட்டில் வைக்க மாட்டேன். சலவைக்கூடத்தில் என் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறேன்.

இங்கே ஆவியில் நின்று போர்வை இஸ்திரி போடும்போது ஒன்றுதான் ஓடுகிறது. உன் விரலுக்கு எப்படித் தப்பியது அது? கண்ணை மூடிக்கொண்டு தலைமுடி அளவு விரிசலைப் பிடிப்பவள் நீ. இது மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

அம்மா


பிப்ரவரி 10, செவ்வாய்

கண்ணு,

உன் பச்சையைச் சுரண்டிவிட்டேன். முழுவதும் இல்லை. கழுத்துக்குக் கீழே உடைந்த இடத்தில் மட்டும், மேல்துண்டில் கொஞ்சம், கீழ்த்துண்டில் கொஞ்சம். பெருவிரல் இருக்கும் பக்கம் போகவில்லை, பயப்படாதே.

ரிமூவர் தடவினால் பெயின்ட் பால் ஆடைபோல சுருங்கி எழும்பும், துணியால் துடைத்துவிடலாம் என்று நீ செய்து பார்த்திருக்கிறேன். நான் செய்தபோது கை எரிந்தது. என் கை இஸ்திரிப்பெட்டிக்கே எரியாத கை. உன் கையுறை ஆணியில் மாட்டியிருந்தது, போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அதற்குள் உன் விரல் மடிப்பு அப்படியே இருக்கிறது.

மேல்துண்டில் பச்சை போனது, அதற்கு அடியில் இருந்த பிரைமர் போனது, இரும்பு வெளுத்தது. அங்கே ஒரு வளைந்த கீறல். கீழ்த்துண்டிலும் ஒரு வளைந்த கீறல். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தேன்.

வட்டம்.

ஊசி வட்டம். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் கொஞ்சம் தாண்டிப் போயிருக்கும், உன் வட்டம் எப்போதும் அப்படித்தான். எந்தக் கண்ணாடியும் இல்லாமல் சொல்வேன், அது உன் கை.

உனக்குத் தெரிந்திருக்கிறது.

நடுவில் புள்ளி இருக்கிறதா என்று தேடினேன். வட்டத்தின் நடு வழியாகத்தான் உடைப்பு ஓடுகிறது. சரியாக அந்த நடுவில் இரும்பு உதிர்ந்து, ஒரு நகக்கண் அளவுக்கு ஓட்டை. புள்ளி இருந்திருந்தால் அது அந்தத் துணுக்கோடு போயிருக்கும். இல்லாமலிருந்தால் இல்லை.

தரையெல்லாம் கையால் தடவிப் பார்த்தேன். போர்வையை உதறிப் பார்த்தேன். பெருக்கியபோது அள்ளிப் போட்டுவிட்டேனோ என்று குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்த்தேன்.

"என்னத்தைத் தேடுற?" என்றார் அப்பா, முன்னறையிலிருந்து.

"ஊசிங்க."

"என்கிட்ட இல்லாத ஊசியா? எடுத்துக்கோ" என்றார்.

அம்மா


பிப்ரவரி 22, ஞாயிறு

கிணுக்குட்டி,

இரண்டு இடத்துக்குப் போய்வந்தேன். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் வெல்டர் அண்ணன் பட்டறை. கையில் எதையும் எடுத்துப் போகவில்லை, வாயால்தான் கேட்டேன். "அண்ணே, அந்தப் பச்சை சைக்கிளைப் பச்சை அடிக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கொண்டுவந்தாளா? கழுத்துக்குக் கீழ பித்தளை விட?"

அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினார். "நான் பண்ணலம்மா. அந்த வாரம் பூரா நான் ஊர்ல இல்ல. மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். சாவியை அவகிட்டதான் கொடுத்துட்டுப் போனேன்."

"அப்ப அவளே பண்ணியிருப்பாளா?"

"பண்ணியிருக்கலாம். பொண்ணுக்குக் கை நல்லா வரும். சின்னச் சின்ன அடைப்பெல்லாம் அவளேதான் பண்ணிக்குவா. ஆனா மெல்லிசுக் குழாயில நெருப்பு பிடிக்கறதுக்கு மட்டும் பயப்படுவா. 'நீங்க பிடிங்க மாமா, எனக்கு உதறுது'ன்னு சொல்லுவா."

"பண்ணியிருந்தா பித்தளை மஞ்சளா தெரியுமில்லையாண்ணே?"

"அந்த இடத்துல தெரிஞ்சும் பிரயோஜனமில்லம்மா. கழுத்து மூட்டையே கம்பெனிக்காரன் பித்தளை விட்டுத்தான் ஒட்டுவான். மஞ்சள் இருக்கத்தான் செய்யும். அவன் விட்டதா, இவ விட்டதான்னு சாமியே வந்தாலும் சொல்ல முடியாது." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, என்ன பார்த்தே?"

"ஒண்ணும் இல்லண்ணே. சும்மா கேட்டேன்."

டீ வாங்கிக் கொடுத்தார். உன் வெல்டிங் கண்ணாடியும் அங்கே ஆணியில் தொங்குகிறது. யாரையும் தொட விடுவதில்லையாம்.

இரண்டாவது, மேட்டுச் சாலை. நீ விழுந்த இடத்துக்கு இதுவரை நான் போனதில்லை. வளைவு திரும்பியதும் இறக்கம் தொடங்குகிறது. அங்கேயிருந்து குனிந்தபடியே, ஓரத்தில் மண்ணைக் காலால் ஒதுக்கிக்கொண்டு இறங்கினேன். மழை அடித்து, வெயில் காய்ந்து, எத்தனை வண்டி போயிருக்கும்! கிடைக்காது என்று தெரியும். பாட்டில் மூடி, ஆணி, ஒரு குழந்தையின் கொலுசு மணி, எல்லாம் கிடைத்தது.

பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். "என்னம்மா தொலைச்சீங்க? தங்கமா?"

"இரும்புங்க."

"எவ்வளவு பெருசு?"

சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன். வண்டியை ஓரம் கட்டி, அவரும் குனிந்து எனக்காகத் தேடினார். அந்த மனுஷனுக்கு என்ன சொல்வேன்? "கிடைச்சிடுச்சுங்க" என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கி நின்றேன். பின்னால் டிக், டிக், டிக் என்று வந்தது. யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறுகிறார்கள் என்று வழி விட்டு ஒதுங்கினேன். திரும்பிப் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது.

உன்னை நினைத்தால் எனக்கு அந்த நீலக் கவுன்தான் வருகிறது. கழுத்துச் சிவப்பு வருகிறது.

அம்மா


மார்ச் 5, வியாழன்

கிணுக்குட்டி,

உன் உப்புத்தாளை எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் எடுத்தேன். உடைந்த வாயின் கீழ்ப்பக்கம், அந்தக் கறுப்பு. சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தேன். நீ செய்வதுபோல முதலில் முரட்டுத்தாள், அப்புறம் நைசு. கறுப்பு போய் வெள்ளையாக மின்னியது. இவ்வளவு மின்னினால் சந்தேகம் வரும் என்று ஈரத்துணி சுற்றி வைத்தேன். இரண்டு நாளில் சிவப்புத் துரு பூத்துவிட்டது. மற்ற இடத்தோடு சேர்ந்துவிட்டது. பழசைப் பழசாகவே காட்டுவதுதான் நல்ல வேலை என்பாயே, நான் பழசைப் புதிதாக்கிவிட்டேன்.

வட்டத்தை மட்டும் தேய்க்க என் கை போகவில்லை. உன் கை போட்டது. அதனால் மாட்டிக்கொண்டேன்.

இன்று வேலை முடிந்து வந்தால் முன்னறையில் அப்பா இல்லை. உன் அறையில், உன் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உடைந்த சைக்கிளை மடிமேல் சாய்த்து வைத்திருக்கிறார். பூதக்கண்ணாடி கையில்.

"இது என்ன வட்டம்?" என்றார்.

பையைக் கீழே வைத்தேன். "கம்பெனிக்காரன் குறிங்க" என்றேன். "மூட்டு எங்க உட்காரணும்னு போடுவான்."

"ஊசியால போட்ட மாதிரி இருக்கே."

"ஊசி மாதிரி ஒண்ணு வச்சிருப்பான்."

அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் எந்த ஊசியில் விழுந்தது என்று அவருக்குத் தெரியாமல் போகுமா என்ன? "நாங்களும்தான் போடுவோம்" என்றார். "பட்டன் எங்க வரணும்னு சாக்பீஸ்ல. தைச்சதும் அழிச்சிடுவோம். இவன் அழிக்காம விட்டுட்டான்."

"ஆமாங்க."

"சரி. உடைப்பைப் பார்த்தியா? இன்னிக்காவது வெளிச்சம் பத்துச்சா?"

அதற்கான பதிலை நான் இஸ்திரி மேசையில் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "பார்த்துட்டேன். புதுசு. சுத்திச் சுத்திச் சிவப்பு, சீனி மாதிரி. நீங்களே கண்ணாடி வச்சுப் பாருங்க. அவ ஏதோ கல்லுல ஏறி விழுந்திருக்கா. விழுந்த வேகத்துல உடைஞ்சது. சைக்கிள் மேல தப்பு இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க பொண்ணு சொல்லிக்கொடுத்தது. வாயை மூடிக்கிட்டா இருந்தா?"

அவர் பார்த்தார். கண்ணாடியை உடைப்பின்மேல் வைத்துச் சுற்றி வந்தார். நான் தேய்த்த இடத்தில் நின்றது. போனது. மறுபடி வந்து நின்றது.

"அப்ப நான் நல்ல இரும்பைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கேன்" என்றார்.

"நல்ல இரும்புங்க. அவ கட்டிப்பிடிச்சுக்கலையா?"

"கட்டிப்பிடிச்சுக்கிட்டா" என்றார். "சட்டையெல்லாம் துரு." அழுதுவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "பசிக்குது" என்றார். நீ போன பிறகு அந்த வார்த்தையை அவர் வாயால் இன்றுதான் கேட்டேன்.

சாப்பிட்டுவிட்டு மெஷினைத் திறந்தார். எண்ணெய் விட்டார். "பெல்ட்டை எலி கடிச்சிருக்கு. நீ வீட்டைப் பார்த்துக்கிற லட்சணம்" என்று என்னைத் திட்டினார். திட்டட்டும். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "அந்தத் துணியைக் கொண்டா. பொண்ணையும் கூட்டிட்டு வா, மறுபடி அளவு எடுக்கணும்" என்றார். அவள், "கழுத்து கொஞ்சம் தாராளமா வைங்க தையல்காரரே" என்றாள். "கழுத்து என் கையில ஒருநாளும் தப்பாது" என்றார் அப்பா. நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இப்போது உன் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. முன்னறையில் மெஷின் ஓடுகிறது. இந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவும் செய்தேன், வந்துவிட்டது. டிக் டிக் சத்தம் நின்றுவிட்டதா, மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லையா, தெரியவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவருக்குப் பதில் சொல்லிவிட்டேன். எனக்குச் சொல்லத்தான் யாரும் இல்லை. நீ அதை அடைத்தாய் என்றால், வெல்டர் மாமா வரும்வரை பொறுக்காமல், உதறும் கையால் அடைத்தாய், அந்த ஒட்டு நிற்கவில்லை. அடைக்கவில்லை என்றால், எப்போ ஓட்டுவாய் என்று தினமும் கேட்ட அப்பாவின் முகம் வாடக் கூடாது என்று வட்டத்தின்மேல் பச்சையை அடித்துவிட்டு ஏறினாய். கழுத்து இறுகியும் சொல்லாமல் போட்டுக்கொண்டாயே, அதுபோல. இரண்டில் எது என்று தெரிந்தால் மட்டும் நீ திரும்பி வரப்போவதில்லை. ஆனாலும் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடிக்காமல் எனக்கு ஒரு நாள் போவதில்லை. இப்போதும் என் மடியில்தான் இருக்கிறது. வட்டம் சரியாகப் பொருந்துகிறது. நடுவில்தான் ஓட்டை. அது வழியாகப் பார்த்தால் உள்ளே இருட்டுதான் தெரிகிறது.

திட்ட மாட்டேன். அப்பாவிடமும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல்.

நடுவில் புள்ளி வைத்தாயா, கண்ணு?

அம்மா